மாடிப்படிக்குப் போட்டியாக ஒரு கேபிள்

2003-ல் ஒரு வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் அக்கம்பக்கம் இரண்டு காரணம்தான் சொல்லும். பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான். இல்லையென்றால் வீட்டிலேயே டிடிபி நடக்கிறது. எங்களுடையது டிடிபி வீடு. மேற்கு மாம்பலத்தில் என் மாமனாரின் அப்பா கட்டிய மெட்ராஸ் டெரஸ் கட்டடம்; சுவர் ஒவ்வொன்றும் ஒன்றேகால் அடி கனம். திண்ணையை அடைத்து எடுத்த முன்னறையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், ஓய்வூதியர் சங்கத்துச் செய்திமடல் என்று பேஜ்மேக்கரில் கோத்துக்கொண்டிருப்பேன். என்னுடையது விண்டோஸ் 98. மாடியில் என் கணவர் புதிதாக வாங்கிய எக்ஸ்பி மெஷின். லேசர் பிரிண்டரும் மாடியில்தான். கீழே தெருப்புழுதி அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். பில் அவர் பெயரில் இருந்தது என்பது நிஜக் காரணம்.

ஆகவே வேலை இப்படி நடக்கும். பக்கத்தை முடித்து ஃப்ளாப்பியில் ஏற்ற வேண்டும். ஃப்ளாப்பி கொள்வது 1.44 எம்பி. மணமக்கள் படம் போட்ட பத்திரிகை அதில் அடங்காது என்பதால் ஃபைலைத் துண்டு போட்டு மூன்று நான்கு ஃப்ளாப்பியில் பிரித்து எடுத்துக்கொண்டு மாடியேறுவேன். அங்கே மூன்றாவது ஃப்ளாப்பி படிக்காது. மறுபடி கீழே. ஒருவழியாகச் சேர்த்துத் திறந்தால், 'நிகழும் மங்களகரமான' வருஷம் டாலர் குறியும் அடைப்புக்குறியுமாக நிற்கும். யூனிகோடு அப்போது டிடிபி கடைகள் பக்கம் வந்திருக்கவில்லை. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துகளை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். எந்த எழுத்துக்கு எந்த இடம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டருக்கு நம் பத்திரிகை தமிழ் என்றே தெரியாது. சரி, மாடியிலும் அதைப் போட்டுவிடலாம் என்றால், மென்பொருளோடு ஒரு டாங்கிள் வரும். பிரிண்டர் போர்ட்டில் செருகுகிற பூட்டு அது. ஒரு பிரதிக்கு ஒரு டாங்கிள்தான்.

"பிரிண்டரைக் கீழ கொண்டு வந்துட்டா என்ன?" என்று மாமியார் கேட்டார்.

இரண்டு கம்ப்யூட்டர் வாங்கும் அளவுக்கு முன்னேறிவிட்ட குடும்பத்தில் இவ்வளவு சுலபமான யோசனைக்கு மரியாதை கிடையாது. நாத்தனார் பையன் எங்கள் வீட்டில் தங்கி எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தான். மொட்டைமாடி அறையில், பல பேருடைய பழைய உறுப்புகளைப் பொருத்திக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று அவனிடம் இருந்தது. "அத்தை, வீட்டுக்குள்ளயே லேன் போட்டுடலாம். நீங்க கீழ இருந்து பிரிண்ட் குடுத்தா மாடியில பேப்பர் வரும்" என்றான். மூன்று கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று பார்க்கும் என்றும் சொன்னான். பார்த்து என்ன செய்யப்போகின்றன என்று கேட்கத் தோன்றவில்லை.

சாமான் வாங்க ரிச்சி தெரு. மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் சேர்ந்து ஒரு உலகம். ஆள் நுழைய இடமில்லாத கடைக்குள் கேபிள், கீபோர்டு, ஃபேன், எதிலிருந்தோ கழற்றிய போர்டுகள். கேபிள் முழுப் பெட்டியாக வாங்கினால் ஆயிரம் அடி, அதாவது 305 மீட்டர். "லூஸா, பாக்ஸா?" என்பதுதான் முதல் கேள்வி. லூஸ் என்றதும் கடைக்காரர் கை நீட்டி முழக்கணக்கில் அளக்க ஆரம்பித்தார். பையன் மீட்டர் கணக்குக்காக மல்லுக்கு நின்றான். அவன் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தான்: சாதாரண கேட்-5 கூடாது, கேட்-5இ வேண்டும். மீட்டருக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூட. எதற்கு என்று கேட்டதற்கு, "எதிர்காலத்துக்கு" என்றான். இருபது வயதில் எல்லோரும் எதிர்காலத்துக்குத்தான் வாங்குகிறார்கள்.

ஹப் வாங்குவதா, ஸ்விட்ச் வாங்குவதா என்று அடுத்த வாக்குவாதம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி டப்பா. விலை மட்டும் வேறு. எனக்குப் புரிகிற மாதிரி விளக்கியவர் அந்தக் கடைக்காரர்தான். "மேடம், ஹப்புன்னா வர்ற விஷயத்தை ஊருக்கே கத்தும். ஸ்விட்ச்சு, யாருக்கோ அவங்க காதுல மட்டும் சொல்லும்." கூட்டுக் குடும்பத்துக்கு எது தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஸ்விட்ச் வாங்கினோம்.

எங்கள் வீட்டு நெட்வொர்க்கின் தலைமை எஞ்சினியர் உண்மையில் என் மாமியார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். கேபிளின் முனையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பிளக் ஒன்று மாட்ட வேண்டும். ஆர்ஜே-45 என்று பெயர். நீல உறையை உரித்தால் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு. முறுக்கைப் பிரித்து, நீவி, வரிசைப்படி தட்டையாக அடுக்கி, ஒரே மட்டத்தில் வெட்டி, வரிசை கலையாமல் பிளக்குக்குள் தள்ளி, கிரிம்பிங் டூலால் ஒரு அழுத்து. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பையன் இதை வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே செய்வான்; தள்ளும்போது நீலமும் பச்சையும் இடம் மாறிவிடும். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிய வேண்டும். ஒன்று, இரண்டு, ஐந்து என்று தாவும். வெட்டிப் போட்ட பிளக்குகள் தரையில் குவிந்தன. கேபிளும் சாண் சாணாகக் குறைந்துகொண்டே வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து சாயங்காலத்துக்கு மல்லிகை கட்டிக்கொண்டிருந்த மாமியார் வாழைநாரைக் கீழே வைத்தார். "இங்க குடுடா." எட்டுக் கம்பியையும் இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, வலது கை நகத்தால் ஒரு நீவு. நாற்பது வருஷம் பூக்கட்டிய விரல். ஒரு கம்பி அசையவில்லை. முறுக்கையும் தேவைக்கு மேல் ஓர் இழை பிரிக்கவில்லை. அரை அங்குலத்துக்கு மேல் பிரித்தால் வெளி இரைச்சல் உள்ளே புகும், அதற்காகத்தான் முறுக்கே இருக்கிறது என்று பையன் புத்தகத்தில் படித்திருந்தான். மாமியார் அதைப் படிக்காமலே செய்தார். எட்டு விளக்கும் எரிந்தன.

ஆனால் அவருக்கு ஒரு குறை. "பச்சையும் வெள்ளைப் பச்சையும் ஜோடிதானே? நடுவுல நீலத்தைக் கொண்டுபோய் எதுக்கு வெச்சான்?" நியாயமான கேள்வி. நடுவில் இருக்கும் இரண்டு ஊசிகளும் பரம்பரையாக டெலிபோனுக்கு உரியவை. டெலிபோன் பிளக்கை இதில் செருகினாலும் பேசுகிற மாதிரி நடு இடத்தை நீல ஜோடிக்குக் கொடுத்தார்கள். பச்சை இரண்டு பக்கமும் ஒதுங்கிக்கொண்டது. அந்தக் காலத்து 100 மெகாபிட் நெட்வொர்க்குக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். நீலமும் பிரவுனும் சும்மா கூடவே போகும்.

சும்மா போகிற எதையும் சும்மா விடாதவர் எங்கள் எலக்ட்ரீஷியன். ஒன்றேகால் அடிச் செங்கல் சுவரை நீட்டுத் துரப்பணத்தால் குடைந்து, சுண்ணாம்புத் தூள் புருவத்தில் படிய, கேசிங் கேப்பிங் அடித்து, மாடிவரை கேபிளை இழுத்துவிட்டார். அப்போதுதான் பையன் அந்த இரண்டு ஜோடியைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். "சும்மாதானே கெடக்கு தம்பி? மாடிக்கு டெலிபோன் எக்ஸ்டென்ஷன் கேட்டாங்கல்ல ஐயா?" என்று நீல ஜோடியை மட்டும் உருவி லேண்ட்லைனோடு சேர்த்துவிட்டார். ஒரே கேபிளில் டேட்டாவும் டெலிபோனும். தனி ஒயர் காசு மிச்சம் என்று வீடே பாராட்டியது.

கம்பி வேலை இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் பெயர் வைக்கிற வேலை. லேன் கார்டைச் செருகியதும் 98 தன் சிடியைக் கேட்டது. அதற்கு எப்போதும் சிடி வேண்டும். மெஷின்களுக்குக் கீழ், மாடி, மொட்டை என்று பெயர் சூட்டினோம். ஐபி எண்களைக் கையாலேயே கொடுத்தான்: 192.168.0.1 எனக்கு, 2 மாடிக்கு, 3 மொட்டைக்கு. பீரோ கதவின் உட்புறம், எல்ஐசி பாலிசி எண்களுக்குக் கீழே எழுதி ஒட்டினேன். அப்படியும் கீழும் மாடியும் ஒன்றையொன்று பார்க்க மறுத்தன. பிங் அடித்தால் பதில் வருகிறது. நெட்வொர்க் நெய்பர்ஹுட்டைத் திறந்தால் என் மெஷின் மட்டும் தனியாக நிற்கிறது. கடைசியில் பார்த்தால் ஒர்க்குரூப் பெயர் வேறு வேறு. 98 தானாகவே ஒர்க்குரூப் என்று வைத்துக்கொள்ளும். எக்ஸ்பி ஹோம், எம்எஸ்ஹோம் என்று வைத்துக்கொள்ளும். ஒரே வீட்டுக்குள் இரண்டு குடும்ப அட்டை. பெயரை ஒன்றாக்கியதும், என் திரையில் 'மாடி' என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் படம் வந்து உட்கார்ந்தது.

அதைப் பார்க்க எல்லோரும் வந்தோம். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். கீழிருந்து பிரிண்ட் கொடுத்தேன். மேலே பிரிண்டர் உறுமியது. "வந்துடுத்து!" என்று கணவர் மாடியிலிருந்து கத்தினார். தாளை எடுத்துவர நான்தான் படியேறினேன். அந்தப் பகுதிக்கு மட்டும் யாரும் கேபிள் போடவில்லை.

இன்டர்நெட் அப்போது இதற்கெல்லாம் சம்பந்தமில்லாத தனிச் சமாசாரம். கீச்சிட்டுக்கொண்டே டயல் ஆகும் மோடம் என் கம்ப்யூட்டரில் இருந்தது. 98 இரண்டாம் பதிப்பில் அந்த இணைப்பை மற்ற மெஷின்களோடு பகிர்ந்துகொள்ள ஒரு வசதி உண்டு. அப்படிப் பகிர்கிற மெஷின்தான் 192.168.0.1 ஆக இருக்கும். அதாவது வீட்டுக்கே நுழைவாயில் நான். என் கம்ப்யூட்டர் ஓடினால்தான் மாடியிலும் மொட்டையிலும் நெட். இரவு பத்தரை மணிக்கு நான் கொட்டாவி விட்டு ஷட் டவுன் கொடுத்தால் இரண்டு மாடியிலிருந்தும் ஒரே நேரத்தில் அலறல் கேட்கும். குழந்தைகளின் திரைநேரத்தைக் கட்டுப்படுத்த என்று இப்போது மாதச் சந்தாவில் செயலிகள் விற்கிறார்கள். எனக்கு அது இலவசமாக இருந்தது.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. நொடிக்கு 256 கிலோபிட். அதற்கு முந்தைய வருஷத்துப் பிராட்பேண்ட் கொள்கை, பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்சம் வைத்த அளவு அதுதான். இன்று அந்த வேகத்தில் ஒரு காலை வணக்கப் படம்கூடப் பெருமூச்சு விட்டுத்தான் இறங்கும். அன்று ஃபோன் பேசிக்கொண்டே நெட் பார்க்கலாம் என்பதே அதிசயம். அளவுக்கு மேல் போனால் எம்பிக்கு இவ்வளவு என்று பில் ஏறும். சில திட்டங்களில் இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். அதனால் பிராட்பேண்ட் வந்த வீடுகளில் பையன்கள் இரண்டு மணிக்கு அலாரம் வைத்தார்கள். எங்கள் பையன் டவுன்லோடை வரிசை கட்டி வைத்துவிட்டுத் தூங்குவான். காலையில் ஏழே முக்காலுக்கு முழு வீடும் அந்த நீலக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்கும்.

வைஃபை எங்களுக்கு வந்தது லேப்டாப்போடு. அந்த 2005 ஜனவரி கடைசியில்தான் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தது. ரேடியோ பெட்டிக்கே ஒரு காலத்தில் தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டிய குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் ஓர் ஒலிபரப்பு நிலையம் வைத்துக்கொள்ளலாம் என்பதை மாமனார் நம்பவே இல்லை. பெட்டியின் மேல் 54 மெகாபிட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முன்னறையில் அது சரிதான். கூடத்தில் பாதி. ஒன்றேகால் அடிச் சுவர் இரண்டைத் தாண்டிச் சமையலறைக்குப் போனால் ஒரு கோடு. மாடியில், படிக்கட்டின் நாலாவது படியில் உட்கார்ந்தால் மட்டும் கிடைக்கும். கொள்ளுத்தாத்தா கோடை வெயில் உள்ளே வரக்கூடாது என்று கட்டிய சுவர். வைஃபைக்கு விதிவிலக்கு வைக்கத் தோன்றவில்லை அவருக்கு. கம்பியே வேண்டாம் என்று வாங்கிய லேப்டாப், மாடியில் பழைய கேபிளின் நுனியைக் கவ்விக்கொண்டுதான் வேலை செய்தது.

கம்பியில்லாதது வந்து கம்பியை ஒழித்தது என்று பொதுவாகப் பேசிக்கொள்கிறார்கள். வரலாறு இதில் கொஞ்சம் கோணல். 1971-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுக்குத் தீவு கேபிள் போட வழியில்லாமல் ரேடியோவில் கம்ப்யூட்டர்களை இணைத்தார்கள்; அலோஹாநெட் என்று பெயர். இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், ஆளுக்கு வேறு வேறு நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி பேச வேண்டும். அந்த யோசனையை எடுத்துத் திருத்தி, 1973-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் ஒரு கம்பிக்குள் புகுத்தினார். அதுதான் ஈதர்நெட். ஆக, கம்பிக்குத்தான் கம்பியில்லாதது முன்னோடி. மோதினால் கொஞ்சம் சும்மா இருந்துவிட்டுப் பேசு என்கிற அந்த விதியை எங்கள் வீட்டில் கடைப்பிடித்தவை கம்ப்யூட்டர்கள் மட்டும்தான்.

மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. மாமியார் பால் சூடு பண்ணும்போதெல்லாம் நெட் தடுமாறும். "அம்மா பால் வெச்சிருக்காங்க" என்பது எங்கள் வீட்டில் ஒரு தொழில்நுட்ப விளக்கம்.

வைஃபைக்குப் பூட்டுப் போடுவதைப் பற்றி அப்போது யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. வெப் என்ற பூட்டு உண்டு. 26 எழுத்தும் எண்ணும் கலந்த சாவியை எழுத்து பிசகாமல் அடிக்க வேண்டும். அதையும் திறந்துவிடலாம் என்று 2001-லேயே ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். எங்களுடையது திறந்தே கிடந்தது. எதிர்ப்புற மேன்ஷன் பையன்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் ஊருக்கு மெயில் அனுப்புகிறார்கள் என்று மாமியார் நம்பினார். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்னால் அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் யாரோ ஒருவர் வீட்டின் பூட்டாத வைஃபை வழியாகப் போயிருந்தது என்று செய்தி வந்தது. பேப்பரை மடித்து வைத்த கையோடு என் கணவர் பாஸ்வேர்டு போட்டார். மறுநாள் மேன்ஷன் பையன் ஒருவன் வாசலில் வந்து நின்று, ரொம்ப அக்கறையாக, "ஆன்ட்டி, உங்க நெட் சரியா வேலை செய்யுதா?" என்று விசாரித்தான்.

அப்புறம் மின்வெட்டு வருஷங்கள். லேப்டாப்பில் மூன்று மணி நேரச் சார்ஜ் இருக்கும், ரௌட்டருக்கு உயிர் இருக்காது. இன்வெர்ட்டரில் எந்த பிளக்குக்கு இடம் என்று வீட்டில் வாக்கெடுப்பு நடந்தால் ஃபேனுக்கும் ரௌட்டருக்கும்தான் போட்டி. அதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

இப்போது ஃபைபர். வாசலில் வேப்பமரக் கிளை வழியாக ஒரு கறுப்பு நூல் வருகிறது. நொடிக்கு 100 மெகாபிட். ரௌட்டரின் செயலியைத் திறந்தால் வீட்டில் எத்தனை உருப்படி இணைந்திருக்கிறது என்று பட்டியல் காட்டும். ஃபோன்கள், டிவி, வாசல் கேமரா, பேரனின் டேப்லட், கீஸர், யாருடையது என்று தெரியாத ஏதோ ஒன்று. தண்ணீர் மோட்டாரும் வைஃபையில்தான் ஓடுகிறது. நெட் போனால் மேல்தொட்டியில் தண்ணீர் ஏறாது. வருகிற விருந்தாளி செருப்பைக் கழற்றிக்கொண்டே பாஸ்வேர்டு கேட்கிறார். தண்ணீர் வேண்டுமா என்று நாம் கேட்பதற்கு அதற்குப் பிறகுதான் சந்தர்ப்பம். ஐபி எண் என்று ஒன்று இருப்பது இவர்களில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பெட்டி தானாகவே எண் கொடுத்துத் தானாகவே வாங்கிக்கொள்கிறது.

ஒன்றுதான் இல்லை. இந்த உருப்படிகள் எதுவும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பெட்டியோடு பேசிக்கொண்டு, ஒவ்வொன்றும் வெளியே பார்த்தபடி இருக்கின்றன. கூடத்தில் எடுத்த படத்தை மாடியில் இருக்கும் மகனுக்கு மருமகள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். அந்தப் படம் ரௌட்டர் வழியாக வேப்பமரத்தைத் தாண்டி, எங்கோ இருக்கிற சர்வர் வரை போய், வந்த வழியே திரும்பிப் பன்னிரண்டு படிக்கு மேலே இருக்கும் அறைக்கு வருகிறது. படம் மங்கலாக இருக்கிறது என்று மகன் அங்கிருந்து கத்துகிறான். சத்தம் மட்டும் நேர்வழியில் வருகிறது. புது பிரிண்டருக்கும் வைஃபை உண்டு. ஆனால் அதற்கு இணையத்தில் ஒரு கணக்கு திறந்து, மின்னஞ்சலை உறுதிசெய்து, மை தீரப்போகிறது என்ற அதன் கவலையையும் கேட்டுக்கொண்ட பிறகுதான் ரேஷன் கார்டு நகல் வரும்.

2020-ல் வீடே ஆபீஸானபோது சுவர்கள் மறுபடி தங்களை நினைவுபடுத்தின. மாடியறையில் மகனின் மீட்டிங் பாதி வாக்கியத்தில் உறைந்து நிற்கும். அந்தப் பாதி வாக்கியத்தில் அவன் முகம் எப்போதும் வாய் திறந்தே இருக்கும். மெஷ் என்று இரண்டு வெள்ளை டப்பா வாங்கினான். அறைக்கு ஒன்றாக வைத்தால் வீடு முழுக்க ஒரே வைஃபை என்று விளம்பரம். கையேட்டை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன், டிடிபிக்காரியின் பழக்கம். இரண்டு டப்பாவையும் ஒரு கேபிளால் இணைத்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று பொடி எழுத்தில் இருந்தது.

நாத்தனார் பையனுக்கு ஃபோன் போட்டேன். இப்போது பெங்களூரில் கிளவுட் வேலை. ஆயிரக்கணக்கான சர்வர்களுக்கு நெட்வொர்க் பார்க்கிறான், எல்லாமே தட்டச்சு செய்துதான். எதையும் கண்ணால் பார்த்ததில்லை.

"அத்தை, சுவத்துக்குள்ள ஒரு கேபிள் போட்டோமே, அது என்ன ஆச்சு?"

"என்ன ஆகும், சுவத்துக்குள்ளதான் இருக்கு."

"அது கேட்-5இ. கிகாபிட்டே போகும். வேற எதுவும் வாங்காதீங்க." இருபது வயதில் வாங்கிய எதிர்காலம் வந்து சேர்ந்துவிட்ட பெருமை குரலில் தெரிந்தது. கிரிம்பிங் டூல் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். வீடு மாற்றும்போது எங்கோ போய்விட்டதாம்.

ஊரடங்கு தளர்ந்ததும் ஃபைபர் போட்ட தம்பியையே கூப்பிட்டோம். நாங்கள் சுவர் குடைந்த வருஷத்தில் அவர் பால்வாடியில் இருந்திருப்பார். கேபிளைச் செருகிப் பார்த்தார். 100-க்கு மேல் போகவில்லை. கிகாபிட் ஓட நான்கு ஜோடியும் வேண்டும். இதில் மூன்றுதான் பேசுகிறது என்றார். கேசிங்கைப் பிரித்துக்கொண்டே போனதில், மாடி டெலிபோன் டப்பாவில் நீல ஜோடி இன்னும் விசுவாசமாக முறுக்கிக்கொண்டு நின்றது. லேண்ட்லைனைச் சரண்டர் செய்து வருஷக்கணக்கானது யாரும் அதற்குச் சொல்லவில்லை. எடுத்து நிமிர்த்திப் புது பிளக்கில் அடுக்க ஆரம்பித்தார்.

எண்பதை நெருங்கும் மாமியார் ஊஞ்சலிலிருந்து ஆரம்பித்தார்: "வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்..." தம்பி நிமிர்ந்து பார்த்தார். "பாட்டி கேபிள் வேலை பாத்தவங்களா?"

"பூ வேலை" என்றார் மாமியார்.

ஸ்விட்சில் கிகாபிட் விளக்கு எரிந்தது. மகன் மாடியில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டினான். 94 என்று வந்தது. மறுபடி ஓட்டினான், அதே 94. "சார், வெளியிலேருந்து வர்றதே 100தான். வீட்டுக்குள்ளதான் ஆயிரம்" என்று விளக்கினார் தம்பி. "கீழேருந்து மாடிக்கு ஒரு பெரிய ஃபைலை அனுப்பிப் பாருங்க, அப்பத் தெரியும் வேகம்."

அனுப்புவதற்கு என் கம்ப்யூட்டரும் மகனின் கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. நெட்வொர்க் டிஸ்கவரி அணைந்திருக்கிறது என்றது ஒன்று. பகிர்வதற்கு இல்லாத ஒரு பாஸ்வேர்டைக் கேட்டது இன்னொன்று. தம்பிக்கு அடுத்த வீட்டில் வேலை இருந்தது. மகனுக்கு மீட்டிங் இருந்தது.

"அம்மா, எந்த ஃபைலா இருந்தாலும் பரவாயில்ல," என்றான் படியிலிருந்து, "வாட்ஸ்அப்ல போட்டுடு."